பதம் பார்ப்பது சாப்பாட்டில் சேராது

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று பிழைப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஈடு எடுத்ததும் முதல் பலகாரத்தை யாராவது ஒருவர் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். உப்பு, வேக்காடு, மொறுமொறுப்பு. இதற்குப் பதம் பார்ப்பது என்று பெயர். தின்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சில கடைகளில் மாஸ்டர் பார்ப்பார். நான் வங்காளத்தில், பெஹாலாவில் வேலை பார்த்த கடையில் முதலாளிதான் பார்ப்பார், முப்பது வருஷமாக.

அவர் தென்காசிப் பக்கம். எல்லோருக்கும் அண்ணாச்சி. முன்னால் பலகாரக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஆறு மேஜை, பக்கத்தில் அப்பளம், கருவேப்பிலை, இட்லி அரிசி, புளி. மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குவியும். மற்ற நாட்களில் வங்காளிகள்தான். தோசையைக் கத்தியும் முள்கரண்டியும் வைத்து அறுத்துத் தின்றுவிட்டு, வாசலில் நின்று நெஞ்சைத் தடவி ‘கேஸ், கேஸ்’ என்று புலம்புவார்கள். இந்த ஊரில் சட்டைப் பையில் பேனா இல்லாதவன் இருப்பான், வாயு மாத்திரை இல்லாதவன் இருக்கமாட்டான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். விஜயவாடா, விசாகப்பட்டினம், கரக்பூர் என்று ரயில் போன பக்கமெல்லாம் போய் அங்கங்கே சட்டி பிடித்தேன். கடைசியாக சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பக்கத்தில் லாரிக்காரர்களுக்கு ரொட்டி சுட்டேன். அங்கே தகரக் கூரை ஒரு காற்றில் போனது. மூன்று நாள் நனைந்த பிறகு, பெஹாலாவில் வடை மாஸ்டர் வேண்டுமாம் என்று ஒருவன் சொன்னான். வந்தேன். அந்த யார்டில் கிடைத்த ஒரே லாபம், வங்காளி பேச வந்தது. அண்ணாச்சிக்கு முப்பது வருஷத்தில் எண்களும், ‘என்ன வேணும்’, ‘சில்லறை இல்லை’ என்ற இரண்டு வாக்கியங்களும்தான் வந்திருந்தன. அதனால்தான் இந்தக் கதைக்குள் நான் வந்தேன்.

ஒரு நாள் அண்ணாச்சிக்கு வலது விலாவுக்குக் கீழே கனமாக இருந்தது. வங்காளிகளின் கேஸ் தனக்கும் ஒட்டிக்கொண்டது என்று அவர்களைத் திட்டினார். பத்து நாள் ஆகியும் போகாததால் ஸ்கேன் எடுத்தார். அதை வாங்கிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போக என்னைக் கூப்பிட்டார்.

“வீட்டுல சொல்லாதேயும். அவளுக்குத் தெரிஞ்சா கஞ்சி காய்ச்சி ஊத்தியே கொன்னுருவா.”

டாக்டர் ஒரு பெண். நடுத்தர வயது, களைத்த முகம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார். ஆரம்பத்தைத் தாண்டிவிட்டது, இப்போது பிடித்தால் திரும்பும், விட்டால் ஈரல் தழும்பு தட்டி இறுகிவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். அண்ணாச்சிக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது.

“குடிகாரப் பயலுக்கு வாற வியாதில்லா இது! நான் சாராய வாசன கூடப் பாத்தது கிடையாது. அந்தம்மாகிட்ட சொல்லும்வே.”

சொன்னேன். குடிக்காதவர்களுக்கும் இது வரும், சாப்பாட்டால் வரும் என்றார் டாக்டர். “தாதா ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுவார்?” வங்காளியில் அண்ணனுக்குத் தாதா, அக்காவுக்குத் தீதி.

“காலைல ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கை சோறு, ரசம். ராத்திரி ரெண்டு சப்பாத்தி. இதுல எங்கேருந்துவே கொழுப்பு வரும்?”

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். டாக்டர் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் புருவம் சுருங்கியது. இட்லியையும் ரசத்தையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தத் தொப்பைக்கு அதில் கணக்கு வராது. காய், பழம் நிறையச் சாப்பிடச் சொன்னார். இனிப்பு, பொரித்தது எதுவும் தொடக்கூடாது என்றார்.

“அதெல்லாம் நாம எங்க தொடுதோம்?” என்றார் அண்ணாச்சி. அதையும் மொழிபெயர்த்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கேவலம். பதம் பார்ப்பது அவர் கணக்கில் சாப்பாடு இல்லை, வேலை. உளுந்து வடை, மசால் வடை, போண்டா, பஜ்ஜி, முறுக்கு, காராசேவு, மைசூர்பாகு. ஒரு நாள் வேலை மும்முரத்திலும் எண்ணிப் பார்த்தேன். சாயங்காலம் நாலு மணிக்குள் இருபத்தாறு. அதற்கு மேல் எண்ணவில்லை. நடுநடுவே எதிர்க்கடையிலிருந்து மண் குவளையில் வரும் சர்க்கரைப் பாகு மாதிரியான டீ. அதுவும் சாப்பாட்டில் சேராது. இத்தனையும் தெரிந்தும் டாக்டர் முன்னால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மொழிபெயர்க்கத்தான் கூட்டிப் போனார், அதைச் செய்தேன். அதோடு, உண்மையைச் சொன்னால், எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கார்டன் ரீச்சிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். மத்திய அரசு உத்தியோகம், அரைக்கால் சட்டை, மணிக்கட்டில் அடி எண்ணுகிற கடிகாரம். வாரம் தவறாமல் வருவார். இரண்டு நெய் ரோஸ்ட், நாலு போண்டா, மேலே ஒரு காபி. எல்லாம் முடித்துச் சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துப் பச்சை நிற கேப்சூல் ஒன்றைப் போட்டுக்கொள்வார். அன்றைக்கு அண்ணாச்சி போய் மேஜைப் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்தி ஈரல் விஷயத்தைச் சொன்னார்.

“அண்ணாச்சி, லிவருக்கு எல்லாமே ஆக்ஸிடேஷன்தான் பிராப்ளம். துரு பிடிக்குதுன்னு வச்சுக்கோங்க. அதுக்கு ஆன்ட்டி ஆக்சிடன்ட் போடணும். பியூர் கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட். நான் மூணு வருஷமா சாப்பிடறேன், பாருங்க எப்படி இருக்கேன்.”

எப்படி இருந்தார் என்று நான் பார்த்தேன். பெல்ட்டுக்கு மேல் வழிந்துகொண்டிருந்தார்.

“ஆக்சிடென்ட்டா?” என்றார் அண்ணாச்சி.

“ஆக்சிடன்ட். ஆன்ட்டி ஆக்சிடன்ட்.”

“அதாவது ஆக்சிடென்ட் ஆவாம தடுக்கிறது.”

“அப்படியே வச்சுக்கலாம்” என்று ஆபீசர் சிரித்தார். அந்த கேப்சூலை அவரே விற்றார். ஒருவரைச் சேர்த்துவிட்டால் அவருக்கு மேலே இருப்பவருக்கும் ஏதோ கிடைக்குமாம். படித்த மனிதர், அரசாங்கச் சம்பளம், பலகாரக் கடையில் உட்கார்ந்து போண்டாவோடு மருந்து விற்றார். சந்தையில் பல்பொடி விற்பவன்கூட இதைவிட மரியாதையாக நின்றுகொண்டு விற்பான்.

மறுநாள் காலை புது எண்ணெய் டின்னை உடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி குனிந்து டின்னின் பக்கவாட்டைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது.

“வே மாஸ்டர், ஆபீசர் குப்பியில இருந்த மாதிரியே இதுலயும் ஏ என் டி ஐன்னு போட்டிருக்கான். எழுத்துக் கூட்டி வாசியும்.”

கூட்டி வாசித்தேன். எனக்கும் ஆச்சரியம்தான். ஆன்ட்டி ஆக்சிடன்ட் சேர்க்கப்பட்டது என்று இருந்தது.

அண்ணாச்சி நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். “பாத்தீரா! நம்ம எண்ணெயிலயே இருக்கு. இவ்வளவு நாளும் அதனாலதான் நான் தப்பிச்சு நிக்கேன்.”

எண்ணெய் டின்னில் அதை ஏன் போடுகிறார்கள் என்று சட்டி பிடிப்பவனுக்குத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் காரியம் தெரியும். எண்ணெய் காற்றுப் பட்டால் காறிச் சிக்கு வாடை அடிக்கும். காறாமல் கிடங்கில் கிடக்க ஒரு சரக்கைச் சேர்க்கிறார்கள். அது எண்ணெயைக் காப்பாற்றும். தின்கிறவனை அது ஏன் காப்பாற்ற வேண்டும்? அவன் அதற்கு என்ன உறவு? இதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று முழுக்க அவர் வாடிக்கைக்காரர்களிடம், “நம்ம பலகாரம் தைரியமா சாப்பிடலாம், ஆக்சிடென்ட் ஆவாது” என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு போண்டா உருட்டினேன். வங்காளிகள் சாலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி ஆபீசரிடம் கேப்சூல் வாங்கிவிட்டார். ஒரு நாளைக்கு ஒன்று என்று குப்பியில் இருந்தது. அண்ணாச்சி அதைத் தன் தொழில் கணக்கில் மாற்றிக்கொண்டார். முறுக்கு ஈடு அதிகம் என்றால் ஒன்று கூட. மைசூர்பாகு கிண்டின நாளில் இரண்டு கூட. பாவம் செய்துவிட்டுக் காளிகாட்டில் தேங்காய் உடைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே முகம்தான். இன்னும் தைரியம் வந்துவிட்டதால் பதமும் கூடியது. முன்பு அரை போண்டாவோடு நிறுத்தியவர், முழுசாகத் தின்ன ஆரம்பித்தார்.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார்கள். நான் அக்கா என்பேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே கடை முழுவதையும் கட்டி இழுக்கிறவர்.

“மாஸ்டர், இவரு கண்ணைப் பாருங்க. எனக்குத்தான் மஞ்சளாத் தெரியுதா?”

பார்த்தேன். கடலைமாவு மாதிரி இருந்தது. “ரெண்டு நாளா அரிப்பு. சிறுநீரும் டீ கலர்ல போகுது” என்று அண்ணாச்சியே முனகினார். வாடகைக் கட்டட வெடிப்பைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அப்போதுதான் எனக்கு வேடிக்கை போனது.

ஸ்கேன், டாக்டர், கேப்சூல் எல்லாம் அந்த இடத்தில் அக்காவுக்குத் தெரிந்தது. அக்கா அழவில்லை. குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

“ஊருக்கெல்லாம் வடை சுட்டது போதாதுன்னு உங்க ஈரலையும் சுட்டுக்கிட்டீங்களா? அந்த ஆபீசர் சொன்னா தின்னுருவீங்க. நான் சொல்லி ஒரு நாள் சுண்டைக்காய் தின்னுருப்பீங்களா?”

“அது கசக்கும்லா.”

“ஈரல் போனா இனிக்கும்!”

கீழாநெல்லி தேடிச் சந்தைக்குப் போக அக்கா பையை எடுத்தார்கள். முதலில் டாக்டரிடம் போவோம் என்றேன். மூவரும் போனோம்.

டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்ததுமே ரத்தம் எடுக்க எழுதினார். ஏதாவது மருந்து, பொடி, கஷாயம் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அக்கா குப்பியை மேஜையில் வைத்தார்கள். டாக்டர் அதை வாசித்துவிட்டு ஓரமாகத் தள்ளினார்.

“இதை யார் கொடுத்தது?”

“ஒரு ஆபீசர்” என்றேன்.

“டாக்டரா?”

“இல்லை தீதி. போண்டா சாப்பிட வருபவர்.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். ஈரலில் கொழுப்பு சேர்ந்தால் அதை எரித்துத் தள்ள ஈரல் ஓயாமல் பாடுபடும். எரியும்போது பொறி பறக்கும். பொறி பட்டுப் பட்டு ஈரல் புண்ணாகும். ஆன்ட்டி ஆக்சிடன்ட் என்பது அந்தப் பொறியைப் பிடித்து அணைக்கிற சத்து. உடம்பே கொஞ்சம் உண்டாக்கிக்கொள்ளும். மிச்சம் கீரையில், காயில், பழத்தில், சர்க்கரை போடாத காபியில் இருந்து வரும். அது நிஜம். ஆனால் ஒரு கையால் பொறியை அணைத்துக்கொண்டு மறு கையால் விறகைத் தள்ளினால்? இன்னொன்று, ஒரு கோப்பை கிரீன் டீ வேறு, அதைக் குடம் குடமாகச் சுண்டவைத்துக் குப்பியில் அடைத்தது வேறு. சுண்டியதையும் ஈரல்தான் வடிகட்ட வேண்டும். சிலருக்கு அதுவே ஈரலைத் தாக்கும், இவருக்கு அதுதான் நடந்திருக்கும் போலிருக்கிறது, ரத்தத்தைப் பார்த்தால் தெரியும் என்றார்.

எனக்கு எண்ணெய்ச் சட்டியாகவே விளங்கியது. கறுத்த எண்ணெயில் புது எண்ணெய் ஊற்றினால் பழசு புதுசாகாது, புதுசும் பழசாகும். இது தெரியாத மாஸ்டர் கிடையாது. தெரிந்தும் ஊற்றாத முதலாளியும் கிடையாது.

பிறகு டாக்டர் பழைய தாளை எடுத்தார். “எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இரண்டு இட்லி, ரசம், சப்பாத்தி. இதில் எப்படி இவ்வளவு கொழுப்பு? மறுபடி கேளுங்கள்.”

கேட்டேன். அண்ணாச்சி மஞ்சள் கண்ணோடு நேராகப் பார்த்துச் சொன்னார். “சொன்னதுதான். மாத்தமில்ல.”

அக்கா சும்மா இருந்தார்கள். அவர்களும் அந்தத் தொழில்தானே. பதம் பார்ப்பது அவர்களுக்கும் சாப்பாட்டில் வராது. அந்த அறையில் அதைச் சாப்பாடாக எண்ணியவன் நான் ஒருவன்தான். டாக்டர் என் வாயைப் பார்த்தார். ஒரு கெட்டிக்கார மருத்துவர் தப்பான தாளை வைத்துக்கொண்டு சரியான வைத்தியம் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தப்பு என் வாய் வழியாகத்தான் வங்காளியானது.

“இரண்டு இட்லி, ரசம், சப்பாத்தி” என்றேன். “அதுக்கு நடுவில் வடை, போண்டா, பஜ்ஜி, முறுக்கு, இனிப்பு. ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்று. ஒரு நாளைக்கு நாற்பதுக்குக் குறையாது. பத்து டீ. இதெல்லாம் வேலை என்று நினைக்கிறார், அதனால் சொல்லவில்லை.”

போண்டா, பஜ்ஜி, முறுக்கு எந்த பாஷையிலும் ஒன்றுதானே. அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது.

“ஏலே! நீ மொழிபேர்க்க வந்தியா, காட்டிக்குடுக்க வந்தியா?”

அதுவரை ‘வே’ போட்டுப் பேசியவர், ‘ஏலே’க்கு இறங்கியதை நான் கவனித்தேன்.

“பதம் பாக்காம எவன்டா கடை நடத்துவான்? உப்பு கூடிப்போனா வாடிக்கை போயிரும். அது சாப்பாடாலே?”

“வயித்துக்குத் தெரியாது அண்ணாச்சி, எது வேலை எது சாப்பாடுன்னு.”

அக்கா என்னைப் பார்த்தார்கள். அப்புறம் அவரைப் பார்த்தார்கள். “நாப்பதா?” என்றார்கள். “எதிர்லயே உக்காந்திருக்கேன். நான் ஒண்ணுகூட எண்ணலையே.”

டாக்டர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினார். கேப்சூலை அன்றே நிறுத்த வேண்டும். பொரித்தது, இனிப்பு வாயிலேயே வைக்கக்கூடாது, வேலைக்காகவும் கூடாது. ‘வேலைக்காகவும்’ என்பதற்குக் கீழே கோடு போட்டார். தினமும் நடக்க வேண்டும்.

அண்ணாச்சி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. என்னை வெளியே அனுப்பிவிடுவார் என்று துணிமணியை மூட்டை கட்டி வைத்தேன், எனக்கு அது புதிதல்ல. அனுப்பவில்லை. மஞ்சள் கண்ணோடு வேறு மாஸ்டர் தேட அவருக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். இதில் பெருந்தன்மை எதையும் நான் தேடவில்லை. சட்டிப் பக்கம் அவரை விடாமல் அக்கா அப்பளக் கடைப்பக்கம் உட்கார வைத்தார்கள். பதம் நானே பார்த்தேன், மென்று துப்பினேன். சாப்பாட்டைத் துப்புகிறான் என்று அண்ணாச்சி அதற்கும் முகம் சுளித்தார்.

கீரை, பாகற்காய், கொய்யா, சர்க்கரை இல்லாத கறுப்புக் காபி என்று அக்கா கொடுத்தார்கள். காபியை அவர் பேதி மருந்து மாதிரி மூக்கைப் பிடித்துக் குடித்தார். கண் வெளுக்க ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஆபீசர் ஒரு ஞாயிறு வந்து, “அண்ணாச்சி இளைச்சிட்டீங்களே, நம்ம கேப்சூல் வேலை செய்யுது பாத்தீங்களா?” என்றார்.

“செய்யுது சார்” என்றார் அண்ணாச்சி. “நிப்பாட்டினதும் நல்லா வேலை செய்யுது. கண்ணு மஞ்சளாப் போச்சு சார் எனக்கு. நீங்களும் ஒருக்க ரத்தம் குடுத்துப் பாத்துக்கிடுங்க.”

ஆபீசர், உங்கள் உடம்பு வாகு அப்படி, ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இன்னொரு போண்டா கேட்டார். வைத்தேன். கேட்பவனுக்கு வைப்பதுதான் என் தொழில்.

மூன்று மாதம் கழித்துக் கடைசியாக ஒருமுறை அண்ணாச்சியோடு டாக்டரிடம் போனேன். புது ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து, மருந்தால் வந்த கெடுதல் ஆறிவிட்டது என்றார். கொழுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, போகவில்லை. இப்படியே இருந்தால் இன்னும் குறையும், பழையபடி ஆனால் திரும்ப வரும். பிறகு ஒரு வாக்கியம் சொன்னார். அதை உடனே மொழிபெயர்க்காமல் கடைசியில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் நானும் பின்னால் அவரும். அண்ணாச்சி முன்னால் சாய்ந்து என் தோளைத் தட்டினார்.

“இந்தப் பத்தியம் இன்னும் எத்தனை மாசமாம்வே?”

“மாசம் இல்லை அண்ணாச்சி. ஆயுசு பூராவாம்.”

ஆட்டோ ஒரு சிக்னலில் நின்றது.

“அந்தம்மா சொன்னதா, நீரு சேத்ததா?”

“அவங்க சொன்னது.”

“நீரு சேத்துச் சொல்லுத ஆளுவே.”

“வேணும்னா திரும்பிப் போய்க் கேப்போம்.”

சிக்னலைத் தாண்டியதும் டிரைவரை நிறுத்தச் சொன்னார். டாக்டரிடம் திரும்பப் போகத்தான் இறங்குகிறார் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடை இருக்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது, நல்ல வெயில். என்னைக் கூப்பிடவில்லை, நானும் இறங்கவில்லை.